பின் ஆசனம்

மோட்டார் காரைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று நண்பர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். என்னிடம் இருப்பது 12 வயதான ஒரு சிறு கார். அதை நான் மணிக்கு 50 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டினால் என் மனைவி பேச்சை நிறுத்திவிடுவாள். 60-ஐத் தொட்டால் கண்களை மூடிக்கொள்வாள். எஞ்சின் எங்கே இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். அங்கே அது என்ன செய்கிறது என்பது தெரியாது. இந்த யோக்கியதையை வைத்துக்கொண்டுதான், 510 குதிரைச் சக்தி கொண்ட ஓர் இத்தாலியக் காரை ஜெர்மனியின் மலைக்காட்டுப் பாதை ஒன்றில் நான்கு மாதங்களாக ஓட்டி வருகிறேன்.

ஓட்டுவது என் அக்கா வீட்டுக் கூடத்தில். அக்காவின் மகன் சாப்பாட்டு மேஜையின் விளிம்பில் ஒரு ஸ்டியரிங்கைத் திருகாணி போட்டு முடுக்கி வைத்திருக்கிறான். மேஜைக்கு அடியில் மூன்று பெடல்கள். எதிரே ஒரு கணினித் திரை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாடு முடிந்து இலையை எடுத்ததும் அந்த மேஜை பந்தயக் களமாகிவிடும். முதலில் நான் வேடிக்கை பார்த்தேன். "நீங்களும் உட்காருங்க மாமா, சும்மா ஒரு தடவை" என்றான். உட்கார்ந்தேன். இரண்டாவது வளைவில் வேலியில் மோதி நின்றேன். அந்த அவமானம்தான் என்னை மறுபடி மறுபடி அங்கே இழுத்தது என்று ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை.

விளையாட்டை விமர்சிக்கலாமா என்பது அடுத்த கேள்வி. நாவலையும் நாடகத்தையும் சினிமாவையும் விமர்சிக்கிறோம். ஏன்? ஓர் உலகத்தை ஒருவன் நம் முன் உண்டாக்கிக் காட்டுகிறான்; எதைக் காட்டுவது, எதை விடுவது என்று அவன் தீர்மானிக்கிறான்; அந்தத் தீர்மானம் சரியா என்று கேட்கிற உரிமை நமக்கு இருக்கிறது. இந்த விளையாட்டும் ஓர் உலகத்தைக் காட்டுகிறது. எனவே அந்த உரிமை இங்கும் உண்டு.

'அஸெட்டோ கோர்ஸா' என்பது இதன் பெயர். பந்தயத்துக்கு ஏற்ற அமைப்பு என்று இத்தாலிய மொழியில் பொருள். ரோமாபுரிக்கு வடக்கே வல்லெலுங்கா என்ற பந்தயப் பாதையின் பக்கத்திலேயே இருந்து வேலை செய்யும் குனோஸ் ஸிமுலாட்ஸியோனி என்ற சிறிய நிறுவனத்தார் செய்தது. 2014 டிசம்பரில் முழு உருவில் வெளிவந்தது. இதற்குப் பிறகு இதைவிடப் பகட்டான விளையாட்டுகள் எத்தனையோ வந்துவிட்டன. ஆனாலும் விஷயம் தெரிந்தவர்கள் இதைக் கைவிடவில்லை என்கிறான் மருமகன். பந்தயப் பாதையின் பக்கத்திலேயே குடியிருந்து செய்தவர்களின் படைப்பு என்பது ஓட்டிப் பார்த்தால் தெரிகிறது. கடற்கரையில் வாழ்கிறவன் கடலைப் பற்றி எழுதுவதற்கும், படத்தில் பார்த்தவன் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

இதில் ஏராளமான கார்கள் இருக்கின்றன. நான் தேர்ந்துகொண்டது ஆல்ஃபா ரோமியோ ஜூலியா குவாட்ரிஃபோலியோ. மருமகன் சிரித்தான். "அது ஸலூன் மாமா. ஃபெராரி இருக்கு, லம்போர்கினி இருக்கு, அதையெல்லாம் விட்டுட்டு..." என்றான். ஸலூன் என்றால் நமக்கு முடிவெட்டும் கடைதான் நினைவுக்கு வரும். இங்கிலீஷ்காரர்கள் நான்கு கதவும், பின் ஆசனமும், பெட்டி வைக்கத் தனி இடமும் உள்ள வீட்டுக் காரை அப்படிச் சொல்கிறார்கள். எங்கள் கிராமத்தில் அந்தக் காலத்துப் பெரியவர்கள் அதை 'பிளஷர்' என்பார்கள். கல்யாணத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவதற்கென்று ஏற்பட்ட வண்டி. அதில் போய்ப் பந்தயம் ஓட்டுவானேன் என்பது மருமகனின் கேள்வி. எனக்கோ, அந்த முரண்பாடுதான் பிடித்திருந்தது. முரண்பாடு இல்லாத பாத்திரத்தை எந்த நாவலாசிரியனாவது விரும்புவானா?

ஜூலியாவின் குலம் கோத்திரத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் என் புகார் விளங்கும்.

1910-ல் மிலான் நகரத்தில் தோன்றியது ஆல்ஃபா. நெடுநாள் வரைக்கும் அது பணக்காரர்களுக்கும் பந்தயக்காரர்களுக்கும் கார் செய்து கொடுத்த இடம். இரண்டாவது உலக யுத்தத்தில் குண்டு விழுந்து தொழிற்சாலை நாசமாயிற்று. யுத்தம் முடிந்த இத்தாலியில் கையால் இழைத்த காரை வாங்க யாரிடம் பணம் இருந்தது? சாதாரணக் குடும்பம் வாங்கக்கூடிய காரைச் செய்தால்தான் பிழைக்கலாம் என்ற நிலைமை. 1950-ல் '1900' என்ற நான்கு கதவுக் காரைக் கொண்டு வந்தார்கள். பந்தயங்களில் ஜெயிக்கிற குடும்பக் கார் என்று அதற்கு விளம்பரம் செய்தார்கள். அதே 1950-ல் உலகச் சாம்பியன் பட்டத்துக்கான ஃபார்முலா ஒன் பந்தயம் முதல் முறையாக நடந்தது. ஆல்ஃபா காரில் ஃபரீனா ஜெயித்தார். மறு வருஷம் ஃபான்ஜியோ ஜெயித்தார். ஒரு கையால் உலகப் பட்டத்தை வாங்கிக்கொண்டு, மறு கையால் குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிற காரைச் செய்த வீடு அது.

1962-ல் முதல் ஜூலியா பிறந்தாள். பெண் பெயர் என்பதால் அப்படிச் சொல்கிறேன். பெட்டி மாதிரி சதுர உருவம். முன்னால் ஒரே நீள இருக்கை. ஆறு பேர் உட்காரலாம். கியர் கம்பி ஸ்டியரிங் தண்டிலேயே இருந்தது. இந்தக் கியர் கம்பியைப் பற்றிப் படித்தபோது எனக்குப் பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது. நம் நாட்டில் ஓடிய ஃபியட்டுக்கும், பின்னாளில் பிரீமியர் பத்மினி என்று பெயர் மாறிய அதே வண்டிக்கும் கியர் அங்கேதான். அதுவும் ஓர் இத்தாலியக் குடும்பக் கார். பிற்பாடு 1986-ல் அந்த ஃபியட் நிறுவனமே ஆல்ஃபாவை வாங்கிவிட்டது. ஆகவே, தாத்தாவையும் பாட்டியையும் நான்கு பேரன் பேத்திகளையும் அடைத்துக்கொண்டு திருப்பதி மலை ஏறிய நம்முடைய ஃபியட்டுக்கு இந்த ஜூலியா ஒரு வகையில் பணக்கார ஒன்றுவிட்ட சகோதரி.

நான் ஓட்டுகிற ஜூலியா புதியவள். 2015 ஜூனில் வெளி உலகத்துக்குக் காட்டப்பட்டவள். ஆறு சிலிண்டர் எஞ்சின், 2.9 லிட்டர், இரண்டு டர்போ. பின் சக்கரங்களுக்குத்தான் சக்தி போகிறது. மணிக்கு 307 கிலோமீட்டர் வரை போகும் என்கிறார்கள். பக்கவாட்டில் வெள்ளை முக்கோணத்துக்குள் நான்கு இலைகள் கொண்ட ஒரு பச்சைச் செடி. குவாட்ரிஃபோலியோ என்றால் அதுதான். 1923-ல் ஊகோ ஸிவோச்சி என்ற ஓட்டுநர் அந்த இலையைக் காரில் வரைந்துகொண்டு ஸிஸிலித் தீவின் டார்கா ஃப்ளோரியோ பந்தயத்தை ஜெயித்தார். அதே வருஷம் மோன்ஸாவில் இலை வரையாத ஒரு காரை ஓட்டிப் பார்த்தபோது இறந்தார். அன்று முதல் அந்த இலை ஆல்ஃபாவின் பந்தயக் கார்களுக்குக் காப்பு. எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் வைத்து நசுக்கிவிட்டுப் புறப்படுகிற நமக்கு இது எளிதில் புரியும்.

ஓடுகிற பாதை நூர்புர்க்ரிங்கின் வடக்குச் சுற்று. 1925-ல் தொடங்கி 1927-ல் முடித்தது. நூர்புர்க் கோட்டையைச் சுற்றி ஐஃபெல் மலைக்காடுகளில் ஏறி இறங்கி 20.832 கிலோமீட்டர். பச்சை நரகம் என்று ஜாக்கி ஸ்டூவர்ட் அதற்குப் பெயர் வைத்தார். இந்தப் பாதையை லேஸர் ஒளியால் அங்குலம் அங்குலமாக அளந்து 2015-ல் விளையாட்டில் சேர்த்திருக்கிறார்கள். உண்மையான ஜூலியா 2016-ல் ஃபாபியோ ஃபிரான்சியா என்ற ஓட்டுநரின் கையில் இதை 7 நிமிஷம் 32 விநாடியில் சுற்றி வந்தது. நான் முதல் முறை எங்கும் மோதாமல் சுற்றி முடித்தபோது 12 நிமிஷம் ஆகியிருந்தது. அன்று அக்கா எனக்குக் காப்பியோடு ஒரு மைசூர்பாகும் கொடுத்தாள்.

இனி விமர்சனத்துக்கு வருகிறேன். முதலில் புகழ வேண்டியதைப் புகழ்ந்துவிடலாம்.

இந்த விளையாட்டின் பெரிய சாதனை ஸ்டியரிங். கார் வளையும்போது முன் டயர்கள் நேராகத் திரும்பிவிடத்தான் பார்க்கும். அந்த எதிர்ப்பு நம் கைக்குக் கனமாகத் தெரியும். வேகம் மிஞ்சி டயர் பிடியை இழக்கப் போகிறது என்றால், இழப்பதற்குச் சற்று முன்னாலேயே அந்தக் கனம் குறையும். கை லேசாகிவிடும். மேஜையில் முடுக்கிய ஸ்டியரிங்குக்குள் இருக்கிற சின்ன மோட்டார் இதை அப்படியே சொல்கிறது. முதல் மாதம் எனக்கு இது தெரியவில்லை. கை லேசானபோதெல்லாம், ஆகா, சுலபமாக வளைகிறதே என்று சந்தோஷப்பட்டு, நேரே காட்டுக்குள் போய்க்கொண்டிருந்தேன். வாழ்க்கையிலும் எனக்கு அப்படி நேர்ந்ததுண்டு. எல்லாம் லேசாகிவிட்டது என்று மகிழ்ந்த நாட்களுக்கு அடுத்தாற்போல்தான் விழுந்திருக்கிறேன். ஒரு விளையாட்டு என்னை இப்படி நினைக்க வைத்ததே, அது பெரிய விஷயம்.

இரண்டாவது சாதனை, பாதை. ஹாட்ஸன்பாக் என்ற இடத்தில் பாம்பு நெளிகிற மாதிரி இடமும் வலமுமாக வளைவுகள். ஒன்றில் ஓரடி தவறினால் அடுத்ததில் ஈரடி, அதற்கு அடுத்ததில் புல்தரை. ஃப்ளூக்பிளாட்ஸில் மேடேறிய கார் உச்சியில் எடையற்றுப் போகிறது. அந்த அரை விநாடி ஸ்டியரிங்கில் ஒன்றுமே இல்லை. பிறகு ஃபுக்ஸ்ரோரே, நரி வளை என்று சொல்லலாம். மரங்களுக்கு நடுவே கிணற்றில் விழுகிற மாதிரி இறங்கி, அடியில் ஒரு பள்ளத்தில் அமுங்கி, உடனே ஏறுகிறது. பள்ளத்தில் கார் அமுங்கும்போது ஸ்டியரிங் கல்லாகக் கனக்கிறது. ஏறி முடிந்ததும் அடெனவ் வனத்தின் சிறிய வளைவு. அது எங்கிருந்தோ கத்தியை உருவிக்கொண்டு வருகிற மாதிரி வரும். புதிதாக வருகிறவர்கள் அத்தனை பேரும் அங்கே ஒரு தடவையாவது வெளியே போவார்கள். எட்டாவது வாரம் நான் போகவில்லை. பாதை மாறவில்லை, நான் அதைப் படித்துவிட்டேன். நல்ல புத்தகத்தை இரண்டாம் முறை படிக்கிறபோது உண்டாகிற திருப்தி அதில் இருந்தது.

ஜூலியாவின் குணமும் இங்கே நன்றாக வெளிப்படுகிறது. அவளுக்கு மூக்கு லேசு. ஸ்டியரிங்கைக் கொஞ்சம் அசைத்தாலே திரும்பிவிடுகிறாள். வீட்டுக் காரை ஓட்டிய கைக்கு அது துடுக்குத்தனமாகப் படுகிறது. வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டரைப் பொறுமையில்லாமல் மிதித்தால் பின்பக்கம் வழுக்கும். மெதுவாக மிதித்தால் பணிவாக வருவாள். பந்தயக் காரின் முரட்டுத்தனம் இல்லை. வீட்டுக் காரின் சோம்பலும் இல்லை. இப்படி ஒரு குணச்சித்திரத்தைக் கணக்குப் போட்டே உண்டாக்கியிருக்கிறார்கள் என்பதை என்னால் இன்னும் முழுதாக நம்ப முடியவில்லை.

குறைகள்? சில்லறைக் குறைகளை முதலில் சொல்கிறேன். நாற்காலி அசைவதில்லை. கார் வழுக்குவதை நிஜ ஓட்டுநன் முதுகாலும் இடுப்பாலும் அறிகிறான். நான் கண்ணால்தான் அறிகிறேன். கண் எப்போதுமே கொஞ்சம் தாமதம். வெளிவந்த உருவில் இதற்கு மழை கிடையாது; ராத்திரியும் கிடையாது. காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் நடுவிலேயே அந்த உலகத்தின் சூரியன் நின்றுவிடுகிறது. பிறர் செய்து சேர்த்த ஒட்டுகளால் மழையும் இரவும் பின்னால் வந்தன என்கிறான் மருமகன். இருக்கட்டும். ஒரு நாவலில் மழை பெய்யாவிட்டால் அது குறை ஆகாது. இவற்றை நான் பெரிதுபடுத்தவில்லை.

இன்னொன்றைச் சொல்லத்தான் வேண்டும். பெர்க்வெர்க் என்ற வளைவுக்குச் சற்று முன்னால் இடது பக்கமாக ஒரு வேகமான திருப்பம். 1976 ஆகஸ்டு 1-ஆம் தேதி நிகி லவுடாவின் ஃபெராரி அங்கே தடுப்பில் மோதித் தீப்பற்றியது. கூட ஓடிய போட்டியாளர்கள் காரை நிறுத்திவிட்டு நெருப்புக்குள் போய் அவரை வெளியே இழுத்தார்கள். இத்தாலியரான மெர்ஸாரியோதான் அவரைக் கட்டியிருந்த வாரை அவிழ்த்தவர். ஆறு வாரத்தில், காதும் நெற்றியும் வெந்த புண்ணோடு, லவுடா மோன்ஸாவில் மறுபடி ஓட்டி நான்காவதாக வந்தார். ஃபார்முலா ஒன் பந்தயம் அந்தப் பாதைக்கு அதற்குப் பிறகு திரும்பவே இல்லை.

இது எனக்கு முன்பே தெரியும். ஆகவே முதல் வாரங்களில் அந்த இடம் வந்ததும் என் கால் தானாகவே பிரேக்குக்குப் போகும். மரியாதை என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாவது வாரம் ஒரு நாள், சுற்றை முடித்துவிட்டு நேரத்தைப் பார்த்தேன். அதுவரை வராத நேரம். எங்கே மிச்சப்படுத்தினேன் என்று மருமகனைக் கேட்டேன். அவன் கணக்கைப் பார்த்துவிட்டு, "பெர்க்வெர்க்குக்கு முன்னாடி மாமா. வழக்கமா பிரேக் போடுவீங்களே, இன்னிக்குப் போடலை" என்றான். நான் லவுடாவை மறந்திருந்தேன். அன்று எனக்கு மைசூர்பாகு இறங்கவில்லை. இது விளையாட்டின் குற்றமா, என் குற்றமா? பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம். மோதினால் ஒரு பொத்தானை அழுத்துகிறோம். கார் புதுசாக வந்து நிற்கிறது. அப்படிப்பட்ட உலகத்தில் மனிதனுக்கு ஞாபகம் தங்குவது கஷ்டம்.

ஆனால் என் பிரதானமான புகார் இதுவும் அல்ல.

ஓடி முடித்ததை வெளியிலிருந்து திருப்பிப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஒரு நாள் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தேன். சிவப்பு ஜூலியா காட்டுக்குள்ளிருந்து வருகிறாள், கான்கிரீட் பள்ளமான கருஸெல்லில் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்குகிறாள், ஏறுகிறாள், போகிறாள். அழகாகத்தான் இருந்தது. ஆனாலும் எதையோ காணோம் என்று மனசுக்குள் ஓர் அரிப்பு. இரண்டாம் முறை பார்த்தபோது புரிந்தது. நான்கு கதவு, உள்ளே ஒரே ஓர் ஆள். பின் ஆசனத்தில் யாரும் இல்லை. யாரும் என்றைக்கும் இருந்ததில்லை. அந்தக் கதவுகளைத் திறக்கவே முடியாது. பெட்டி வைக்கிற இடத்தில் ஒரு கூஜா கூடக் கிடையாது.

மருமகனிடம் சொன்னேன். அவன், "பந்தயம்னா பந்தயந்தானே மாமா? அதுல எதுக்குக் குடும்பத்தை இழுக்கிறீங்க?" என்று கேட்டான்.

கெட்டிக்காரத்தனமான கேள்வி. பதில் சொல்கிறேன். இதே விளையாட்டில் மஸெராட்டி 250 எஃப் என்ற 1950-களின் பந்தயக் கார் இருக்கிறது. அதில் ஒரே ஆசனம். அதை ஓட்டும்போது பின்னால் யாருமில்லையே என்று நான் ஏங்கவில்லை. அது தனியாக ஓடுவதற்கென்றே பிறந்தது. சந்நியாசியின் வீட்டில் தொட்டிலைத் தேடுவேனா? ஆனால் ஜூலியா இல்லறத்தில் பிறந்தவள். பந்தயத்தில் ஜெயிக்கிற குடும்பக் கார் என்பதுதான் 1950-லிருந்து அவள் வம்சத்தின் பெருமை. அந்தச் சொல்லில் பாதியை வெட்டி எறிந்துவிட்டு மீதிப் பாதியைக் கையில் கொடுத்தால், அது ஜூலியா அல்ல; ஜூலியாவின் எடையும் எஞ்சினும் உள்ள வேறு ஏதோ ஒன்று. பாதையில் உள்ள ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் லேஸரால் அளந்தவர்கள், அந்தக் கார் எதற்காக நான்கு கதவோடு இருக்கிறது என்பதை மட்டும் கேட்கவில்லை.

இதை நான் பிறரைக் குறை சொல்வதற்காகச் சொல்லவில்லை. இதே குற்றத்தை நான் செய்திருக்கிறேன். என் முதல் நாவலின் கதாநாயகன் மனசாட்சியின் குரலைக் கேட்டு வீட்டை விட்டுப் போகிறான். ஊர் ஊராக அலைகிறான். தர்க்கம் செய்கிறான், காதலிக்கிறான், ஞானம் பெறுகிறான். அவன் அலைந்த ஊர்களுக்கெல்லாம் நானே போய், தெரு எத்தனை அடி அகலம், கோயில் வாசலில் என்ன மரம் என்றெல்லாம் குறித்துக்கொண்டு வந்து எழுதினேன். அத்தனையும் நிஜம் என்று பாராட்டினார்கள். ஓர் அம்மாள் மட்டும் ஓர் அஞ்சலட்டையில் இரண்டே வரி எழுதியிருந்தார். முதல் அத்தியாயத்தில் அவனுக்கு இரண்டு பெண் குழந்தைகள் இருந்தனவே, அவை என்ன ஆயின என்று கேட்டிருந்தார். எனக்குக் கோபம் வந்தது. நாவலின் தத்துவம் புரியாதவர் என்று நினைத்துக் கார்டைக் கிழித்துப் போட்டேன். இப்போது அந்த அம்மாளின் முகவரி கூட என்னிடம் இல்லை. இருந்தால், நீங்கள் கேட்டதுதான் அந்த நாவலைப் பற்றி எழுதப்பட்ட ஒரே விமர்சனம் என்று எழுதியிருப்பேன்.

சுமையைக் கழற்றிவிட்டால் எவனும் வேகமாக ஓடுவான். அவன் ஓடுவதைப் பார்க்க உற்சாகமாகவும் இருக்கும். சுமையோடு அவன் எப்படி ஓடுகிறான் என்பதில்தான் அவன் யார் என்பது தெரிகிறது. குதிரைச் சக்தி 510 இருந்தும் ஒரு தகப்பன் ஏன் 60-ல் போகிறான் என்பது, 60-ஐத் தவிர வேறு தெரியாத என்னைப் போன்றவனின் கதையைவிடச் சுவையான கதை.

சென்ற மாதம் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு ராத்திரி திரும்பினோம். மருமகன்தான் காரை ஓட்டினான். நான் முன்னால் அவன் பக்கத்தில். பின்னால் அக்காவும் என் மனைவியும். நல்ல சாலை, போக்குவரத்தும் குறைவு, மழை விட்டு ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. விளையாட்டில் 8 நிமிஷத்துக்குள் அந்தப் பாதையைச் சுற்றுகிறவன் அவன். எனக்கு உள்ளூரப் பயம். ஆனால் அவன் சீராக ஓட்டினான். சாலையில் தண்ணீர் தேங்கிய இடத்தை தூரத்திலேயே பார்த்து, பிரேக் போட்டது தெரியாமல் வேகத்தைக் குறைத்தான். வளைவுகளில் ஸ்டியரிங்கை ஒரே தடவையாகத் திருப்பி, ஒரே தடவையாக விட்டான். கார் தாலாட்டுகிற மாதிரி போயிற்று.

"என்னடா, மேஜை மேலே பறக்கிற, இங்கே மாட்டு வண்டி ஓட்டுற?" என்று கேட்டேன்.

அவன் கண்ணாடியில் பின்னால் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "அம்மா தூங்குறாங்க மாமா" என்றான்.

விளையாட்டு பிள்ளைகளைக் கெடுக்கிறது என்று மேடையில் பேசுகிறவர்களுக்கு இந்தச் சம்பவத்தை நான் சாட்சியாகத் தரமாட்டேன். ஒரு பையனை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. பந்தயம் பழகிவிட்டு நிஜ வீதியில் கண் மண் தெரியாமல் ஓட்டுகிறவனும் இருப்பான். நான் சொல்ல வருவது வேறு. பிடியை அளந்து ஓட்டுகிற அந்தக் கை, அந்த விளையாட்டு அவனுக்குக் கற்றுக் கொடுத்தது. அதை எதற்காகப் பயன்படுத்துவது என்பதைப் பின் ஆசனம் கற்றுக் கொடுத்தது. இரண்டும் சேர்ந்தபோதுதான் அவன் நல்ல ஓட்டுநனாக இருந்தான். முதல் பாதியை அந்த இத்தாலியர்கள் யாரும் செய்யாத அளவுக்குச் சிறப்பாகச் செய்திருக்கிறார்கள். இரண்டாவது பாதி தங்கள் வேலை அல்ல என்று விட்டுவிட்டார்கள்.

அவர்கள் வேலைதான் என்பது என் அபிப்பிராயம். உபதேசம் செய்யச் சொல்லவில்லை. வேகத்தைக் குறைக்கவும் என்று திரையில் பலகை மாட்டச் சொல்லவில்லை. அது கலையைக் கெடுக்கும். நான் கேட்பது ஒரு பந்தயம். பின் ஆசனத்தில் ஒரு குழந்தை தூங்குகிறது. ஃப்ளூக்பிளாட்ஸின் மேட்டையும் நரி வளையின் பள்ளத்தையும் கருஸெல்லின் கான்கிரீட்டையும் தாண்டி, அது விழித்துக்கொள்ளாமல், எவன் விரைவாகச் சுற்றி வருகிறான் பார்க்கலாம். விழித்துக்கொண்டால் சுற்று கணக்கில் இல்லை. வேகமும் வேண்டும், வேகம் தெரியவும் கூடாது. இதைவிடக் கஷ்டமான பந்தயம் ஒன்றை என்னால் யோசிக்க முடியவில்லை. ஜூலியாவைப் போன்ற காரைச் செய்தவர்கள் ராத்திரி பகலாகத் தேடியதும் ஏறக்குறைய அதைத்தான் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டால் பின் கதவுகளை வைத்திருக்க மாட்டார்கள்.

மருமகனிடம் இந்த யோசனையைச் சொன்னேன். சிறிது நேரம் யோசித்தான். "அதுல நீங்க ஜெயிச்சிடுவீங்க மாமா" என்றான். பாராட்டினானா, கேலி செய்தானா என்பது தெரியவில்லை. என் கடைசி நேரம் 9 நிமிஷம் 41 விநாடி. பெர்க்வெர்க்குக்கு முன்னால் மறுபடி பிரேக் போட ஆரம்பித்திருக்கிறேன். அங்கே எனக்கு 2 விநாடி நஷ்டம்.